பெஸ்ஸி ஸ்மித் 'முழுத் தொகுப்பு' என்று 220 டாலருக்கு வந்தால் வாங்காதீர்கள்

220 டாலர் போய்விட்டது. இன்று மதியம் அந்த இணையச் சந்தையிலிருந்து கடைசி மெயில் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது." விற்றவர் பக்கம் தவறு எதுவும் இல்லையாம். ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அதே பெட்டி, அதே போட்டோவோடு, இந்த நிமிடம்கூட அங்கே விற்பனைக்கு இருக்கிறது.

பழைய இசைத்தட்டு, கேசட், சிடி எல்லாவற்றையும் தனி ஆட்கள் விற்கிற பெரிய சந்தைகளில் ஒன்று அது. கார்டு நிறுவனத்திடம் என் புகார் இன்னும் நிலுவையில் இருப்பதால் பெயர் சொல்லவில்லை. வாங்கியது பெஸ்ஸி ஸ்மித் பாடிப் பதிவான எல்லாப் பாடல்களும் அடங்கியதாகச் சொல்லப்பட்ட பத்து சிடி பாக்ஸ் செட்.

புளூஸ் என்ற கறுப்பின அமெரிக்க இசையைக் கேட்கிறவர்களுக்கு அவரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம். டென்னசி மாநிலத்தின் சாட்டனூகாவில் பிறந்து, ஊர் ஊராகப் போகும் கலைக்குழுக்களில் பாடி வளர்ந்த கறுப்பினப் பாடகி. 1923 பிப்ரவரியில் நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பாடியதுதான் அவருடைய முதல் இசைத்தட்டு. 1931 வரை அங்கே பாடியதில் 156 பக்கங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அந்தக் கால 78 சுற்று இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு, ஏறக்குறைய மூன்று நிமிடம். பொருளாதார மந்தத்தில் இசைத்தட்டு விற்பனையே படுத்துவிட, கொலம்பியா அவரை விட்டுவிட்டது. 1933 நவம்பர் 24 அன்று ஜான் ஹாமண்ட் என்ற தயாரிப்பாளர் ஏற்பாட்டில் 'ஓகே' என்ற இசைத்தட்டு லேபிளுக்காக நான்கு பாடல்கள் பாடினார். 1937 செப்டம்பரில் மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே கார் விபத்தில் இறந்துபோனார். ஆக 156-ம் 4-ம் சேர்த்து 160. அதற்கு மேல் சில பாடல்களின் மாற்று டேக்குகள் (அதே பாட்டை இன்னொரு முறை பாடிப் பதிந்தது), 1929-ல் அவர் நடித்த ஒரே குறும்படத்தின் ஒலி. வேறு எதுவும் நம்மிடம் இல்லை.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், 'முழுத் தொகுப்பு' என்று ஒருவர் விற்கும்போது அது விளம்பர வார்த்தை கிடையாது. எண்ணிப் பார்க்கக்கூடிய வாக்குறுதி. எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

ஒழுங்கான தொகுப்புகள் இதற்கு முன்னால் வந்திருக்கின்றன. 1951-ல் கொலம்பியாவே நான்கு எல்பி வெளியிட்டது. 1970 முதல் 1972 வரை கிறிஸ் ஆல்பர்ட்சன் தயாரிப்பில் ஐந்து இரட்டை எல்பிக்கள் வந்தன. ஒலியைச் சுத்தம் செய்தவர் லாரி ஹில்லர் என்ற என்ஜினியர். அந்த வரிசையின் முதல் செட்டில் பெஸ்ஸியின் ஆரம்பப் பாடல்களையும் கடைசிப் பாடல்களையும் ஒன்றாக வைத்திருந்தார்கள். 1923-ல் பாடிய இளம் குரலையும் 1933-ல் பாடிய அடிபட்ட குரலையும் ஒரே மாலையில் கேட்டுவிடலாம். ஆல்பர்ட்சன் எழுதிய உறைக் குறிப்புக்கு கிராமி விருது கிடைத்தது. அப்புறம் 1991-லிருந்து 1996 வரை சிடியில் ஐந்து தொகுதிகள். இங்கிலாந்தில் ஃபிராக் லேபிள் எட்டுத் தனி சிடிகளாகப் போட்டது. அதற்கு ஒலி மீட்டவர் ஜான் ஆர். டி. டேவிஸ். பழைய இசைத்தட்டுகளில் இருந்து ஒலி எடுப்பதில் அவர் கைக்குத் தனி மரியாதை உண்டு. பாடகி மேல் அக்கறை உள்ளவர்கள் செய்த வேலை இதெல்லாம். எந்தத் தேதி, யார் பியானோ, யார் கார்னெட் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி), எந்த டேக் என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருப்பார்கள்.

என்னிடம் இருப்பவை தேய்ந்துபோன இரண்டு எல்பிக்கள்தான். முழுவதும் ஒரே இடத்தில் வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. அந்தச் சந்தையில் இந்தப் பெட்டி தென்பட்டது. "160 பாடல்கள், அசல் 78-களில் இருந்து நேரடியாக எடுத்தது, புதிதாக ரீமாஸ்டர் செய்தது, 60 பக்க புக்லெட், பிரிக்காத பெட்டி." பச்சைத் துணி விரித்து அதன் மேல் பெட்டியை வைத்து எடுத்த போட்டோ. விலை 220 டாலர். அநியாய விலை என்று சொல்ல முடியாது, சல்லிசும் இல்லை. சந்தேகம் வராத விலை.

உடனே வாங்கிவிடவில்லை. விற்பவருக்கு எழுதிக் கேட்டேன். 1925 ஜனவரி 14 அன்று பதிவான 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' எந்தத் தட்டிலிருந்து எடுத்தது? லூயி ஆம்ஸ்ட்ராங் கார்னெட் வாசிக்க, ஃப்ரெட் லாங்ஷா ஹார்மோனியம் வாசிக்கிற பதிவு அது. ஹார்மோனியம் இடைவிடாமல் இழுத்துக்கொண்டே இருக்கும், பெஸ்ஸி ஒரு வரி பாடுவார், அந்த வரிக்கு ஆம்ஸ்ட்ராங் பதில் சொல்வார். நான் இந்த இசைக்குள் வந்ததே அந்தப் பதிவால்தான்.

ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. அந்தப் பதில்தான் என்னை நம்ப வைத்தது. மேட்ரிக்ஸ் எண், அதாவது பதிவின்போது நிறுவனம் அந்தப் பாட்டுக்குப் போட்ட எண், 140241 என்று சரியாகச் சொன்னார். அது மைக்ரோஃபோன் வருவதற்கு முந்தைய பதிவு, கூம்புக்குள் பாடியது, அதனால் கார்னெட் ஒலியைக் காப்பாற்றுவதுதான் சிரமம் என்றார். 1925 மே மாதத்திலிருந்துதான் கொலம்பியாவில் அவருக்கு மின்முறைப் பதிவு தொடங்கியது என்றும் எழுதினார். எல்லாமே சரியான தகவல். கூடவே அந்தப் பாட்டின் அரை நிமிட ஒலித்துண்டு ஒன்றும் அனுப்பினார். ஹெட்ஃபோனில் கேட்டேன். அடிப்பகுதியில் மெல்லிய இரைச்சல் அப்படியே இருந்தது, அதற்கு மேலே கார்னெட் துல்லியமாக எழுந்தது, பெஸ்ஸி மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. இரண்டாவது வரி முடிகிற இடத்தில் ஒரு சின்ன 'டிக்', தட்டில் இருந்த கீறல். அதைத் துடைக்காமல் விட்டிருந்தார்கள். இரைச்சலோடு சேர்த்து இசையையும் துடைத்தெறியாத ஒருவர் செய்த வேலை என்று எனக்குத் தெரிந்தது. "இதைச் செய்தவருக்கு பெஸ்ஸி மேல் மரியாதை இருக்கிறது" என்று வீட்டில் சத்தமாகவே சொன்னேன். 220 டாலர் கட்டினேன்.

பெட்டி வந்தது. வெளி அட்டை போட்டோவில் இருந்ததுதான். ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் மட்டும் தொழிற்சாலையில் ஒட்டியது போல இல்லை, ஓரங்கள் சுருங்கியிருந்தன. உள்ளே பத்து தட்டுகள், எல்லாவற்றின் அடிப்புறமும் ஊதா நிறம். அச்சான சிடி வெள்ளியாக மின்னும். இது வீட்டுக் கம்ப்யூட்டரில் பதிந்த சிடி-ஆர், மேலே ஸ்டிக்கர். அறுபது பக்க புக்லெட் என்றது எட்டுப் பக்கம். அதில் பாடல் பெயர்கள் மட்டும். தேதி இல்லை, வாசித்தவர் பெயர் இல்லை, மேட்ரிக்ஸ் எண் இல்லை. அத்தனை எண்ணையும் வாயில் வைத்திருந்த ஆள் விற்ற பெட்டி இது.

அன்றைக்கு ராத்திரியே என் நண்பன் வந்திருந்தான். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்ப்பவன். 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' போட்டேன். பத்து விநாடி போயிருக்கும், "டேய், நிறுத்துடா. இது நீ அனுப்பின கிளிப் இல்லை" என்றான். இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தோம். சிடியில் அந்த 'டிக்' இல்லை. இரைச்சலும் இல்லை. இரைச்சல் இல்லாமல் இருந்தால் நல்லதுதானே என்று யாராவது கேட்பார்கள், அதனால் சொல்கிறேன். கூம்பு வழியாகப் பதிந்த ஒலியில் மேல் அதிர்வெண்கள் முதலிலேயே ரொம்பக் கம்மி. அந்தக் கொஞ்சமும் இரைச்சல் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். இரைச்சல் நீக்கும் மென்பொருளை முழு வேகத்தில் ஓட்டினால் இரண்டும் சேர்ந்து போய்விடும். வல்லின எழுத்துகள் எல்லாம் மழுங்கிவிடும். பெஸ்ஸி ஒரு சொல்லைக் கடைசியில் கடித்து நிறுத்துவார், அந்தக் கடி காணாமல் போய்விடும். கார்னெட் தண்ணீருக்குள்ளிருந்து ஊதுவது மாதிரி வரும். வரிகளுக்கு நடுவே ஒலி திடீரென்று செத்துப்போய், அடுத்த சொல்லில் திரும்ப உயிர் பெறும். அப்படியேதான் இருந்தது.

அடுத்தது வேகம். நண்பன் கீபோர்டில் சுருதி வைத்துப் பார்த்தான். ஹார்மோனியம் இருக்கிற பாட்டில் இது வசதி. குரல் ஏறும் இறங்கும், ஹார்மோனியத்தின் சுரம் நகராது. சிடி கிட்டத்தட்ட அரைச் சுரம் தூக்கலாக ஓடியது. பாட்டின் நீளத்திலும் பத்து விநாடி போலக் குறைந்திருந்தது. 78 சுற்று என்று பெயர் இருந்தாலும் கொலம்பியா அப்போது 80 சுற்றில் ஓட்டச் சொல்லித் தட்டிலேயே போட்டிருந்தது, அதனால் சின்ன வித்தியாசம் எந்தத் தொகுப்பிலும் வரலாம். அந்த வித்தியாசம் அரைச் சுரத்தில் பாதியைக்கூடத் தொடாது. இதுவோ எவனோ எங்கிருந்தோ பதிவிறக்கிய கோப்பு. பெஸ்ஸியின் குரலின் கனமே போய், யாரோ சின்னப் பெண் அவசரமாகப் பாடுவது போல ஆகியிருந்தது. அந்தக் குரலை அப்படிக் கேட்க எனக்குத் தாங்கவில்லை.

'பேக்வாட்டர் புளூஸ்' போட்டோம். 1927 பிப்ரவரி, ஜேம்ஸ் பி. ஜான்சன் ஒருவர் மட்டும் பியானோ. மின்முறைப் பதிவு, அதனால் அவருடைய இடது கை இடி உருட்டுவது போல வர வேண்டும். வெள்ளத்தில் வீடு போனவளின் பாட்டு அது, வெள்ளமே அந்த இடது கைதான். இந்த சிடியில் இடது கை இல்லவே இல்லை. தகரத்தில் தட்டுவது மாதிரி ஒரு சத்தம்.

பிறகுதான் எண்ணினேன். சாண்டா பார்பராவில் கலிபோர்னியா பல்கலைக்கழகம் நடத்தும் அமெரிக்க ஒலிப்பதிவுப் பட்டியலை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, எண், டேக் விவரம் அதில் இருக்கிறது. அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். பெட்டியில் 160 டிராக் இருப்பது உண்மை. அதில் 9 டிராக், அந்த 1929 குறும்படத்தின் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டியது. 7 டிராக், ஏற்கெனவே வந்த பாட்டே வேறு தட்டில் மறுபடி வருவது. 3 டிராக் பெஸ்ஸியே இல்லை, கிளாரா ஸ்மித் தனியாகப் பாடியது! ஸ்மித் என்ற பெயரில் அந்தக் காலத்தில் பல பாடகிகள் இருந்தார்கள். மேமி, கிளாரா, டிரிக்ஸி. யாரும் பெஸ்ஸிக்கு உறவில்லை. கிளாராவும் பெஸ்ஸியும் சேர்ந்து பாடிய பாடல்கள் 1923-லும் 1925-லும் உண்டு, அவை இருக்க வேண்டியவைதான். நான் சொல்லும் மூன்றும் அவை இல்லை. ஆக 19 பாடல்கள் இல்லை. 1933-ல் பாடிய அந்தக் கடைசி நான்கில் இரண்டு இல்லை. ஜேக் டீகார்டன், சூ பெரி என்ற ஜாஸ் கலைஞர்கள் வாசித்து, ஒரு பாட்டில் பென்னி குட்மனும் சேர்ந்துகொண்ட அந்த நாளின் பாடல்களில் பாதியை விட்டுவிட்டு, முழுத் தொகுப்பு என்று 220 டாலர்.

அடுத்து நடந்ததுதான் இன்னும் கேவலம்.

விற்றவருக்கு எழுதினேன். முதல் பதில்: "உங்கள் பிளேயரைச் சரிபாருங்கள்." சிடி-ஆர் போட்டோக்களை அனுப்பினேன். "இப்போதைய அச்சுகள் இப்படித்தான் இருக்கும்." கிளாரா ஸ்மித் பற்றிக் கேட்டேன். "அவை டூயட் பாடல்கள், எல்லாத் தொகுப்பிலும் இருக்கும்." தனியாகப் பாடுகிற பாட்டில் டூயட் எங்கே இருக்கிறது என்று கேட்டதற்கு, "பயணத்தில் இருக்கிறேன், திங்கட்கிழமை தீர்த்துவைக்கிறேன், பணத்தைத் திருப்பித் தருவதில் எனக்குப் பிரச்சினை இல்லை" என்று பதில். மரியாதையான, இதமான பதில். அந்தச் சந்தையில் புகார் கொடுக்க மூன்று நாள் அவகாசம். அதற்குள்ளேயே கொடுத்துவிட்டேன். அவர்கள் என்ன செய்தார்கள்? "விற்றவர் தீர்வு தருவதாகச் சொல்லியிருப்பதால் புகார் நிறுத்திவைக்கப்படுகிறது" என்று எழுதினார்கள். திங்கட்கிழமை விற்றவரிடமிருந்து எதுவும் வரவில்லை. நான் திரும்பக் கேட்டபோது, அவகாசம் முடிந்துவிட்டதாகவும் பணம் விற்றவருக்குப் போய்விட்டதாகவும் சந்தைக்காரர்கள் சொன்னார்கள்.

சாட்டில் பேசினேன். முதலில் மெஷின். பிறகு ஒருவர் வந்தார். "ஒலித்தரம் தனிப்பட்ட ரசனை சார்ந்தது, அதில் நாங்கள் தலையிட முடியாது." சரி, 19 பாடல்கள் இல்லாதது ரசனையா என்று கேட்டேன். "குறையைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்" என்றார். டிராக் பட்டியலை, பல்கலைக்கழகப் பட்டியலோடு ஒப்பிட்டு, கோடு போட்டு அனுப்பினேன். "மூன்றாம் தரப்பு இணையதளங்களை ஆதாரமாக ஏற்பதில்லை." அந்த அரை நிமிட ஒலித்துண்டை அனுப்பினேன், விற்றவரே அவர்களுடைய செயலியில் எனக்கு அனுப்பியது. "ஒலிக் கோப்புகளைத் திறக்கும் வசதி எங்கள் பிரிவில் இல்லை." இசை விற்கிற சந்தை இது! கடைசியில் 15 டாலர் கூப்பன் கொடுக்க வந்தார்கள், அதுவும் அவர்களிடமே வாங்குவதற்கு. வேண்டாம் என்றேன். இன்று மதியம், முடித்துவைக்கப்பட்டது.

அந்த ஒலித்துண்டு ஃபிராக் வெளியீட்டில் இருந்து வெட்டியது என்றுதான் நண்பன் நினைக்கிறான், நான் உறுதியாகச் சொல்ல மாட்டேன். யாரோ ஒரு நல்ல மனிதர் உட்கார்ந்து காதைத் தீட்டிச் செய்த வேலையைத் தூண்டிலாக மாட்டி, குப்பையை விற்றிருக்கிறார்கள் என்பது மட்டும் உறுதி.

நான் ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் இருக்கிறேன். பெஸ்ஸி வாழ்ந்த ஊர் இது. ஷாரன் ஹில்லில் மவுண்ட் லான் கல்லறைத் தோட்டத்தில்தான் அவரைப் புதைத்தார்கள். 1937-லிருந்து 1970 வரை அந்த இடத்துக்கு ஒரு கல்கூட இல்லை. சிறுவயதில் அவர் வீட்டில் வேலை செய்த ஜுவானிட்டா கிரீனும் பாடகி ஜானிஸ் ஜாப்ளினும் பணம் போட்டுத்தான் கல் வைத்தார்கள். முதல் இசைத்தட்டு லட்சக்கணக்கில் விற்றது, அவருக்கு ராயல்டி கிடையாது. ஒரு பக்கத்துக்கு 125 டாலர் கூலி, அதிலும் பாதியை கிளாரன்ஸ் வில்லியம்ஸ் என்ற இடைத்தரகர் எடுத்துக்கொண்டிருந்தார், தெரிய வந்ததும் பெஸ்ஸியும், பிற்பாடு அவருடைய கணவரானவரும் வில்லியம்ஸின் ஆபீசுக்கே போய்ச் சண்டை போட்டு ஒப்பந்தத்தைக் கிழித்தார்கள் என்று ஆல்பர்ட்சன் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இருக்கிறது. 1933-ன் அந்த நான்கு பாடல்களுக்குப் பக்கம் ஒன்றுக்கு 37.50 டாலர். அந்த மனுஷியின் குரலை வைத்து இன்னமும் ஒருவன் ஊரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறான் என்பதுதான் எனக்கு 220 டாலரை விடவும் எரிகிறது. 220 டாலரும் எரிகிறது.

இது இனிமேல் கூடும். அமெரிக்கச் சட்டப்படி 1923-ல் வெளிவந்த ஒலிப்பதிவுகளின் உரிமை 2024 ஜனவரி 1-ல் முடிந்தது, 1924-ல் வந்தவை 2025-ல், 1925-ல் வந்தவை 2026-ல். ஐரோப்பாவில் எப்போதோ முடிந்துவிட்டது. அதனால் யார் வேண்டுமானாலும் அந்தப் பாடல்களைத் தொகுத்து விற்கலாம். அது தப்பில்லை, நல்லதும்கூட. ஆனால் தொகுப்பு என்ற பெயரில் எதையும் விற்கலாம் என்று கிளம்பியிருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்களுக்கு எப்படித் தேர்வு செய்வது என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். இப்போது மனசு அதில் நிற்கவில்லை. அவசரமாகச் சிலது மட்டும்.

பாட்டுக்குப் பாட்டு தேதியும் வாசித்தவர் பெயரும் போடாத தொகுப்பை வாங்காதீர்கள். புக்லெட்டின் உள்பக்கத்தையும் சிடியின் அடிப்புறத்தையும் போட்டோ கேளுங்கள், தரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். "துளி இரைச்சல் இல்லை" என்று பெருமை அடிப்பவரிடம் கூம்பு காலத்துப் பதிவுகளை வாங்கவே வாங்காதீர்கள். விற்பவர் அனுப்பும் ஒலித்துண்டை அழிக்காமல் வையுங்கள். "திங்கட்கிழமை தருகிறேன்" என்றால் புகாரை நிறுத்திவைக்கச் சம்மதிக்காதீர்கள், அன்றைக்கே கார்டு நிறுவனத்துக்கும் எழுதுங்கள்.

முழுவதும் வேண்டாம், நல்லதாக வேண்டும் என்பவர்கள் 1970-களின் அந்த இரட்டை எல்பிக்களில் ஒன்றைப் பழைய இசைத்தட்டுக் கடையில் நேரில் போய்ப் பார்த்து வாங்கலாம். கடைக்காரரிடம் சொல்லி ஒரு பக்கம் ஓட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கார்டு நிறுவனம் "பொருள் விவரிப்புக்கு மாறானது" என்று ஒரு நிபுணரின் கடிதம் வேண்டும் என்கிறது. நண்பன் நாளை எழுதித் தருகிறான். பச்சைத் துணி மேல் வைத்த பெட்டி, "160 பாடல்கள், பிரிக்காதது", 220 டாலர். இந்தப் போட்டோவைப் பார்த்து ஏற்கெனவே வாங்கியவர்கள் யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து புகார் கொடுத்தால் கார்டு நிறுவனம் இப்படித் தள்ளிப்போட முடியாது.